உப்புக் கோபுரமும் ஒன்பது இடங்களும்

அவரால் நான் பார்க்காமல் போன இடங்கள் மொத்தம் ஒன்பது. அவற்றை வரிசையாகச் சொல்வேன். எந்த இடத்தை எத்தனை மணிக்குப் பார்த்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அவருடைய பெயரை மட்டும் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், எங்கிருந்தாவது இதைப் படித்துவிட்டு வரிக்கு ஒரு மறுப்போடு தொலைபேசியில் கூப்பிடுவார். இப்போது அவர் ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்தத் தெருவில் இருப்பவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

மரக்காணத்தில் எங்கள் உப்பு உற்பத்தியாளர் சங்கத்தில் நான் எழுத்தர். எல்லோரும் 'ரைட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். நாளுக்கு ஒரு பக்கம். நேரத்தைக் கடிகாரம் பார்த்துத்தான் எழுதுவேன். அவர் சங்கத்தில் உறுப்பினர். கழிவெளி உப்பங்கழிப் பக்கம் பதினாறு பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவித்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் 'அண்ணா' என்பேன். அவர் என்னை 'ரைட்டர் சார்' என்பார். அந்த 'சார்' மரியாதைக்காகச் சொல்வதில்லை, சாட்சிக்காகச் சொல்வது என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

யார் எதைச் சொன்னாலும் அதைச் செய்து பார்க்காமல் விடமாட்டார். அவருடைய குணம் அவ்வளவுதான். பழைய இடங்களைப் பற்றிய கதை என்றால் அவருக்கு இன்னும் வேகம் வந்துவிடும். ஆலம்பரைக் கோட்டைக்கு ஒரு கல்யாண கோஷ்டியோடு போயிருந்தோம். கோட்டைச் சுவருக்கு அரைத்த சுண்ணாம்பில் வெல்லம் கலந்திருக்கிறார்கள், அதனால்தான் இன்னும் நிற்கிறது என்று மாப்பிள்ளையின் சித்தப்பா சொன்னார். எல்லோரும் "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் படம் எடுக்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் கீழே உதிர்ந்து கிடந்த ஒரு காரைத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை ஒன்பது இருபதுக்கு அந்தத் துண்டு என் மேசைமேல் இருந்தது.

"எறும்பு வருதான்னு பாருங்க ரைட்டர் சார். வந்தா வெல்லம். வரலன்னா அந்தாளு கத விட்டாரு."

"எத்தன வருசம் ஆயிருக்கும், வெல்லம் இன்னுமா இனிக்கும்?"

"அத எறும்பு சொல்லட்டும். நீங்க ஏன் முந்திக்கிறீங்க?"

ஒன்பது நாள் பார்த்தேன். எறும்பு வரவில்லை. அதோடு விட்டாரா? வெல்லம் கலந்த சுண்ணாம்பு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும் என்று சங்கக் கட்டடத்தின் பின்பக்கம் இரண்டடிக்கு ஒரு குட்டிச் சுவர் கட்டினார். அதற்கு எறும்பு வந்தது. ஊரில் உள்ள அத்தனை எறும்பும் வந்தது. சுவரை முடித்துவிட்டு ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து, ஒட்டிய பசைக்காகவோ எதற்காகவோ என் பழைய பதிவேடுகளின் முதுகை அரித்துத் தின்றது. நான் அவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப சந்தேகம் தீந்துச்சு" என்றார்.

பிரம்மதேசம் கோயிலிலும் இதேதான். சுவரில் காதை வைத்தால் கடல் சத்தம் கேட்கும் என்று பூக்காரம்மா ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். காலை, உச்சி, மாலை மூன்று வேளையும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று என்னையும் உட்கார வைத்துவிட்டார். அன்றைய பக்கத்தில் 'கேட்கவில்லை' என்று மூன்று முறை எழுதியிருக்கிறேன். மூன்றாவதற்குக் கீழே, 'எனக்கு இடது காதில் வலி' என்றும் எழுதியிருக்கிறேன்.

அவர் சண்டைக்காரர் இல்லை. குரலே உயராது. ஒருமுறைகூட நான் ஜெயித்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் தான் சொன்னது தவறு என்றும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவர் சொன்னது தவறாகப் போன நாட்களில் பேச்சு வேறு எதற்கோ மாறிவிடும். நான் எழுதி வைத்திருந்ததைக் காட்டினால், "அன்னிக்கு வெயில் வேற" என்பார்.

இப்போது சீனாவுக்கு வருகிறேன்.

உப்பு கழுவும் இயந்திரங்களின் கண்காட்சி ஒன்று ஷாங்காயில் நடந்தது. சங்கத்திலிருந்து பதினான்கு பேர் போவதாக முடிவானது. ஆங்கிலம் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். கண்காட்சி முடிந்து ஒரு நாள் மிச்சம் இருந்தது. அந்த ஒரு நாளுக்கு யாங்ஜோ என்ற ஊரை நான்தான் சொன்னேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. பத்தொன்பது வயதில் திண்டிவனத்தில் ஒரு முடிதிருத்தும் கடையில், அட்டை கிழிந்த ஒரு பத்திரிகையில் அந்த ஊரின் படங்களைப் பார்த்தேன். ஏரி, வளைந்த பாலம், மூங்கில் தோட்டம், இரண்டு மாடி உயரத்துக்கு ஓடும் நடைபாதை வைத்த வீடு. இவையெல்லாம் உப்பு வியாபாரிகள் கட்டியவை என்று கீழே போட்டிருந்தது. நம்ப முடியவில்லை. எங்கள் ஊரிலும் உப்புதான். அதிலிருந்து வெயில் காலத்தில் வெள்ளைக் குவியல்களும் மழைக் காலத்தில் அவற்றின்மேல் போட்ட பனையோலையும் வந்தன. அதற்குமேல் எதுவும் வந்ததில்லை. உப்பிலிருந்து இப்படியும் ஓர் ஊர் வருமா என்று ஒருநாள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். அதற்கு எனக்கு முப்பது வருடம் ஆனது.

ஆறு மாதம் உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டேன். பன்னிரண்டு இடங்கள். காலை ஒன்பது பத்துக்கு ஏரி, ஒன்பது ஐம்பதுக்குப் பாலம், பத்தே காலுக்கு வெண்கோபுரம். இப்படிப் போய், மாலை நான்கு முப்பத்தைந்துக்குப் பழைய நகர வாசலின் அடித்தளத்தோடு முடியும். வழிகாட்டிக்குக் காட்டுவதற்காக நாட்குறிப்பில் ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தேன். வழிகாட்டி நாற்பது வயதுப் பெண்மணி, அதே ஊரில் பிறந்தவர். பக்கத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். "மதியச் சாப்பாட்டுக்குப் பதினெட்டு நிமிடமா?" என்று கேட்டார். "போதும்" என்றேன்.

ஏரியை ஒன்பது பத்துக்கே பார்க்கத் தொடங்கினோம். பாலமும் சொன்ன நேரத்துக்கு முடிந்தது. அகலமான கல் மேடையில் ஐந்து மண்டபங்களைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற அந்தப் பாலத்தைப் பத்திரிகைப் படத்தில் பார்த்தபடியே நேரில் பார்த்தேன். என் அட்டவணையில் அந்த இரண்டு வரிகளுக்கு நேராகச் சரிக்குறி போட்ட சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது சரிக்குறியோடு என் சந்தோஷம் முடிந்தது.

வெண்கோபுரம் பெரிய ஊறுகாய் ஜாடிபோல இருக்கும். கீழே பெருத்த வயிறு, மேலே ஒடுங்கிய கழுத்து, தலையில் ஒரு மூடி. அதன் முன்னால் நின்று வழிகாட்டி அந்த ஊர்க் கதையைச் சொன்னார். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு சக்கரவர்த்தி படகில் வந்தாராம். எல்லாம் அழகு, என் தலைநகரத்தில் இருப்பதுபோல ஒரு வெள்ளைக் கோபுரம்தான் இங்கே இல்லை என்றாராம். அதைக் காதில் வாங்கிய உப்பு வியாபாரி ஒருவர், ஒரே ராத்திரியில் உப்பை வைத்தே கோபுரம் எழுப்பிவிட்டாராம். விடிந்து சக்கரவர்த்தி தூரத்திலிருந்து பார்த்து அசந்து போனாராம். செங்கல்லில் கட்டியது அதற்கப்புறமாம்.

எல்லோருக்கும் கதை பிடித்துவிட்டது. உப்புக்காரர்கள் பதினான்கு பேர், பிடிக்காமல் இருக்குமா? கைதட்டினார்கள். இவர் கைதட்டவில்லை.

"நிக்காது" என்றார்.

"கதைதான்ணா" என்றேன். மணி பத்து முப்பத்திரண்டு. பத்து முப்பத்தைந்துக்குக் கிளம்ப வேண்டும்.

"வயிறு நிக்கும். கழுத்து நிக்காது. உப்புக் குவியலுக்கு ஒரு சரிவு இருக்குது ரைட்டர் சார். அத மீறி நேரா வெச்சீங்கன்னா பொலபொலன்னு போயிடும். அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

சொன்னேன். அந்தம்மாள் புன்னகைத்தார். இவருக்கு அது பதிலாகப் படவில்லை. எத்தனை ஆள், என்ன மாதம், அடியில் என்ன போட்டார்கள் என்று வரிசையாகக் கேட்கச் சொன்னார். அந்தம்மாள் பொறுமையாக யாருக்கோ தொலைபேசியில் பேசினார். பூங்கா அலுவலகத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் நடந்து வந்தார். அவர் சீனத்தில் சொல்ல, அந்தம்மாள் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, இவர் கேட்டுவிட்டு மறுபடி "நிக்காது" என்றார்.

எங்கள் குழுவில் மூத்தவரான இன்னொரு உப்பளக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "ஏம்பா, அவங்க ஊரு ராஜா, அவங்க ஊரு உப்பு. நின்னா இன்னா, விழுந்தா இன்னா? எனக்குக் கால் வலிக்குது."

"உப்பு எந்த ஊருல இருந்தாலும் உப்புதான் மாமா."

பதினொன்று நாற்பது. கோபுரத்தை மூன்று சுற்றுச் சுற்றிக் காலடியால் அளந்துகொண்டிருந்தவர், நான்காவது சுற்றில் மறைந்தவர், திரும்பி வரவில்லை.

எங்களுக்குக் குழு விசா. பதினைந்து பேரும் ஒன்றாகத்தான் நகர வேண்டும், ஒருவரை விட்டுவிட்டுப் போக முடியாது என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். மூன்று குழுவாகப் பிரிந்து தேடினோம். படகுத்துறை, கழிப்பறை, பரிசுக் கடை எல்லாம் பார்த்தாயிற்று. கோயில் போனது. மூங்கில் தோட்டம் போனது. பழைய கடைத்தெரு போனது. ஒவ்வொன்றின் நேரமும் என் கைக்கடிகாரத்தில் கடந்துபோவதை நான் பார்த்தேன்.

மூன்று இருபதுக்குக் கிடைத்தார். ஏரிக்கரை உணவகத்தின் சமையலறையில் நின்றிருந்தார். சுற்றி நான்கு சமையல்காரர்கள். மேசையில் ஒரு தட்டு. தட்டில் ஒரு சாண் உயரத்துக்குச் சமையல் உப்பில் ஜாடி வடிவக் கோபுரம் ஒன்றை அவரும் ஒரு சமையல்காரரும் சேர்ந்து தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். இவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அவர்களுக்கு அது தெரியாது. நாங்கள் நுழைந்த நேரத்தில் கழுத்து சரிந்தது. நான்கு சமையல்காரர்களும் ஒரே குரலில் "ஐயோ" என்பதற்குச் சீனத்தில் என்னவோ அதைச் சொன்னார்கள்.

"பாத்தீங்களா? ஏழு தடவ. ஏழு தடவையும் நிக்கல. எழுதிக்குங்க."

என் வாழ்நாளில் ஒருவரைப் பார்த்துப் பொது இடத்தில் கத்தியது அன்றுதான். என்ன சொன்னேன் என்று நாட்குறிப்பில் எழுதவில்லை. பக்கத்தில் இருந்த உப்பளக்காரர் பிறகு சொன்னார். "ஆறு மாசம் ஆறு மாசம்னு சொன்னீங்க ரைட்டர். வேற ஒண்ணும் சொல்லல."

வழிகாட்டி அம்மாள்தான் இடையில் வந்தார். கோபமாக இல்லை. தட்டில் கிடந்ததைக் கிள்ளிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். "இது பொட்டலத்து உப்பு. காய்ந்த மாவு மாதிரி. அந்த வியாபாரியிடம் இருந்தது இது இல்லை. உங்கள் நண்பரிடம் கடல் உப்பு இருக்கிறதே, அதில் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்."

நான் சொன்னேன்.  அவர் கையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டார்.

"சரி. கட்டறேன். கட்டி மறுநாள் விடியறப்ப நின்னுட்டு இருந்துச்சுன்னா, நான் சொன்னது தப்புன்னு இந்தம்மாவுக்குக் கடுதாசி போடறேன். எழுதிக்குங்க ரைட்டர் சார்."

எழுதிக்கொண்டேன். மூன்று முப்பத்தொன்று. வெளியே மழை பிடித்துவிட்டது. சாலை மோசமாகும் என்று ஓட்டுநர் நான்கு மணிக்கே வண்டியை எடுத்துவிட்டார். பேருந்தின் ஈரக் கண்ணாடி வழியாக வட்டமான ஒரு பழைய மண்டபம் சாலை நடுவில் கலங்கலாகப் போனது. அது என் பட்டியலில் பத்தாவது. இறங்காமல் பார்த்ததைப் பார்த்ததாக நான் எழுதுவதில்லை. பார்க்காதவை ஒன்பது.

ஊர் திரும்பியதும் எனக்கு ஒரே எண்ணம்தான். ஒன்பது இடத்துக்குப் பதிலாக அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வேண்டும். 'நான் சொன்னது தப்பு.' அதை நாள், நேரத்தோடு எழுதிக்கொள்ள வேண்டும். மறுபடி யாங்ஜோ போக எனக்கு வழியில்லை. இந்த ஒன்றையாவது வாங்காமல் விடக்கூடாது என்று இருந்தேன்.

சித்திரையில் பாத்திகளில் உப்பு நன்றாக விளையத் தொடங்கியதும் கட்டினார். ராத்திரி வேலைக்குப் பெண்கள் வரமாட்டார்கள், அதனால் பகலில் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டார். பாத்திகளுக்கு நடுவே அகலமான வரப்பில் கயிறு கட்டி வட்டம் போட்டார். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தார்கள். ஆறு பெண்கள் ஈர உப்பை வாரிக் கூடையில் சுமந்து வந்து கொட்ட, இவரும் மேஸ்திரியும் பலகையால் தட்டித் தட்டி இறுக்கினார்கள். நான் குடையோடு எதிர் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. விழ வேண்டும் என்று நினைக்கிற மனிதர் அதை உறுதியாகக் கட்டுவாரா? மதியம் மூன்று மணிக்குக் கழுத்துப் பகுதி ஆரம்பித்தபோது கொஞ்சம் சரிந்தது. அப்படியே விட்டிருக்கலாம். நான் சாட்சிக்கு இருந்தேன், கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் சரிந்ததை வழித்துப் போட்டுவிட்டு, பாத்தியிலிருந்து உப்புத் தண்ணீரை மொண்டு தெளித்து, மறுபடி முதலிலிருந்து கழுத்தை ஏற்றினார்.

"விழணும்னுதானே கட்டறீங்க? அப்புறம் ஏன் இவ்ளோ பாடு?" என்று கேட்டேன்.

"நான் சொத்தையா கட்டி அது விழுந்தா, விழுந்தது உப்பு இல்ல ரைட்டர் சார், நான்."

ஐந்து நாற்பதுக்கு முடிந்தது. இரண்டு ஆள் உயரம். வயிறு கொஞ்சம் கோணல். மூடிக்குப் பதிலாக ஒரு மண்சட்டியைக் கவிழ்த்தார்கள்.

மறுநாள் விடியற்காலை ஐந்து ஐம்பதுக்குப் போனேன். அவர் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். கோபுரமும் நின்றிருந்தது. நான் நாட்குறிப்பை எடுத்து, 'நிற்கிறது' என்று எழுதினேன். அவரைப் பார்த்தேன். அவர் கோபுரத்தைப் பார்த்தார்.

"ராத்திரி காத்து இல்ல" என்றார்.

மூன்றாம் நாள்: 'நிற்கிறது.' ஐந்தாம் நாள்: 'நிற்கிறது.' ராத்திரிப் பனியில் மேல்பகுதி கசிந்து, பகல் வெயிலில் காய்ந்து, நாளுக்கு நாள் ஓடு கட்டிக்கொண்டே வந்தது. பத்தாம் நாள் விரலால் சுண்டினால் சட்டி மாதிரி சத்தம் கேட்டது. உப்பளத்துப் பெண்களுக்கு அவர் தினமும் காலையில் வந்து அதன் முன்னால் நிற்பது நல்ல வேடிக்கையாகிவிட்டது. கூடையோடு போகிறபோது ஒருத்தி கேட்பாள்:

"இன்னா மொதலாளி, உங்க சாமி இன்னும் மலையேறலியா?"

"போ, போய் வேலையப் பாரு."

"ஒரு கற்பூரம் ஏத்துனா போயிடும். ஏத்தட்டுமா?"

நான் சிரிக்கவில்லை. எனக்கு வர வேண்டியது வந்தபாடில்லை. ஒவ்வொரு நாளும் அவர் பேச்சு எங்கோ போகும். காற்று, வெயில், உப்பின் பருமன், மேஸ்திரியின் கைவாகு. பதினைந்தாம் நாள் சங்கத்தில் வைத்து நேராகவே கேட்டேன். "விடியறப்ப நின்னா போதும்னு சொன்னது நீங்க. பக்கத்தக் காட்டட்டுமா?"

"காட்ட வேணாம். தெரியும்."

"தெரிஞ்சா சொல்லிடலாமே?"

அவர் எழுந்து, என் மேசைமேல் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இருபது வருடப் பழக்கத்தில் அவர் பதில் சொல்லாமல் எழுந்து போனது அன்றுதான். இனி அந்த வாக்கியம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். காலையில் வரப்புக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. பதிவு விட்டுப்போகக் கூடாது.

இருபத்து நான்காம் நாள் மதியம் மூன்றே காலுக்குக் கோடை மழை பிடித்தது. அளத்தில் எல்லோரும் உப்புக் குவியல்களுக்கு ஓலை போட ஓடினார்கள். கோபுரத்துக்கு யாரும் எதுவும் போடவில்லை. நான்கு பத்துக்குக் கழுத்து போனது. மண்சட்டி உருண்டு பாத்தியில் விழுந்தது. சாயங்காலம் பார்த்தபோது, தண்ணீரில் ஊறிய சோப்புக் கட்டி மாதிரி ஒரு முண்டு மட்டும் வரப்பில் இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் சங்கத்துக்கு வந்தார். வந்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன். நாலு பத்துக்கு விழுந்துச்சு."

"அது மழையில போச்சு. அந்தம்மா மழைன்னு சொல்லல. ஒரு ராத்திரின்னுதான் சொன்னாங்க." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒரு ராத்திரி இல்ல, இருவத்து மூணு ராத்திரி நின்னுச்சு. நான் சொன்னது தப்பு. எழுதிக்குங்க."

பேனா என் கையில்தான் இருந்தது. ஆனால் உடனே எழுத வரவில்லை.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணா. மூணு வாரமா என்ன ஏன் நடக்க விட்டீங்க?"

"நிக்கிறப்ப சொன்னா, அது என்ன மொறச்சுப் பாத்துக்கிட்டு நிக்குது, அதனால சொல்றேன்னு ஆயிடும். விழுந்தப்புறம் சொன்னாத்தான் நானா சொன்னது."

ஒன்பது ஏழுக்கு எழுதினேன்.

அன்றைக்கே கடிதமும் எழுதினோம். வழிகாட்டி அம்மாள் கொடுத்த முகவரி அட்டை என்னிடம் இருந்தது. இவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். கோபுரம் நின்றது, நான் சொன்னது தப்பு, மன்னிக்கவும் என்று மூன்று வரியில் முடிந்திருக்க வேண்டிய கடிதம். அவர் இரண்டு பக்கம் சொன்னார். உங்கள் கதையில் என்ன மாதம் என்று இல்லை, எங்கள் ஊரில் கார்த்திகை மாதமாக இருந்தால் நிற்காது, இனிமேல் சொல்லும்போது வெயில் காலம் என்று சேர்த்துச் சொல்லவும். மன்னிப்புக் கடிதத்தில் இது வேண்டாம் என்றேன். "அப்ப அது முழுசா உண்மையில்லையே" என்றார். இடிந்த கோபுரத்திலிருந்து எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டியையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்றார். தபால் அலுவலகத்தில் இருந்த பெண், "உள்ள இன்னா சார், சாப்பிடற பொருளா?" என்று கேட்டார்.

"தின்னா சாப்பாடு. அடுக்குனா கட்டடம்" என்றார் இவர்.

ஒரே பொட்டலமாக இருந்ததால் அந்தப் பெண் கடிதம், கட்டி இரண்டையும் வாங்க மறுத்துவிட்டார். இவர், கடிதத்தை மட்டும் தானே நாளைக்கு வந்து அனுப்பிக்கொள்வதாகச் சொல்லி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் எதையோ தேடியபோது என் நாட்குறிப்பில் ஒரு பக்கம் இல்லை என்று கண்டேன். யாங்ஜோ அட்டவணை எழுதிய பக்கம். கிழித்த சுவடு முதுகில் பல்லுப்பல்லாக இருந்தது. அத்தனை வருடத்தில் என் நாட்குறிப்பில் யாரும் ஒரு மூலையைக்கூட மடித்ததில்லை. சங்கத்தில் பெருக்கும் அம்மாவைக் கேட்டேன். தேநீர் கொண்டுவருபவரைக் கேட்டேன். இரண்டு பேரும் என்னோடு நான்கு நாள் பேசவில்லை. இவரைக் கேட்டேன். "எறும்பா இருக்கும்" என்றார்.

ஐப்பசியில் சீனத் தபால்தலையோடு கனமான ஓர் உறை வந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து முகவரி எழுதியிருந்ததால் அவரைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டுத்தான் திறந்தேன். மேலே ஒரு கடிதம். அதற்குள் மடித்து வைத்த ஒரு தாள். பல்லுப்பல்லாகக் கிழிந்த ஓரம். என் கையெழுத்து.

அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"நீங்களா கிழிச்சீங்க?"

"அவங்களுக்கு அத எழுதிச் சொல்ல எனக்கு இங்கிலீசு தெரியாதில்ல. அந்தப் பக்கத்துல எல்லாம் இருந்துச்சு. சரிக்குறி மூணுதான் இருந்துச்சு. பாத்தா அவங்களே புரிஞ்சிக்குவாங்கன்னு வெச்சுட்டேன்."

கடிதத்தைச் சத்தமாகத் தமிழில் படித்தேன். உங்கள் நண்பர் கட்டிப் பார்த்ததை அறிந்து மகிழ்ந்தேன். இப்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்போது, தெற்கே ஒரு கடற்கரையில் ஒருவர் நிஜமாகவே கட்டினார், இருபத்து மூன்று ராத்திரி நின்றது, வெயில் காலத்தில் என்றும் சேர்த்துச் சொல்கிறேன். எனக்கு ஒரு நாள் விடுமுறை கிடைத்தது. உங்கள் பக்கத்தில் சரிக்குறி இல்லாத ஒன்பது இடங்களுக்கும், நீங்கள் எழுதியிருந்த அதே நேரத்துக்குப் போய்ப் படம் எடுத்தேன். நேரத்தைப் பின்னால் குறித்திருக்கிறேன். நான் இதே ஊரில் பிறந்தவள். ஒரே நாளில் இந்த ஒன்பதையும் நானும் பார்த்ததில்லை. உங்கள் அட்டவணைப்படி பார்க்க முடிகிறது. சாப்பாட்டுக்குத்தான் நேரம் போதவில்லை.

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் அவர் உறைக்குள் கையை விட்டு ஒரு படத்தை எடுத்துவிட்டார். உப்பு வியாபாரி ஒருவரின் வீட்டு முற்றம். கல் பாவிய தரை, நடுவில் ஒரு தூண், தூணின் நிழல். பின்னால் '2.30' என்று எழுதியிருந்தது. என் பட்டியலில் எட்டாவது. முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம்.

"இது ரெண்டரை இல்ல ரைட்டர் சார்."

"அண்ணா."

"நெழலப் பாருங்க. தூண் உசரத்துக்கு நெழல் இவ்ளோ விழுமா ரெண்டரைக்கு? மூணு மணிக்கு மேல ஆயிருக்கும்."

"அது வடக்க இருக்கிற ஊரு. நெழல் நீளமாத்தான் விழும்."

"எவ்ளோ நீளமா விழும்னு தெரியுமா உங்களுக்கு?"

 மழை விட்டு இரண்டு நாளாக நல்ல வெயில். மணி ஒன்று ஐம்பது. படத்தையும் உப்பு வாரும் பலகையின் கழியையும் எடுத்துக்கொண்டு அவர் ஏற்கெனவே அளத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தார். நான் உறையைப் பூட்டி வைத்துவிட்டு, கடிகாரமும் நாட்குறிப்புமாகப் பின்னால் போனேன். கோபுரம் இருந்த வரப்பில் கழியை நட்டு, இரண்டு முப்பதுக்கு அளந்து, அதோடு விடாமல் மூன்று மணிக்கும் மூன்று முப்பதுக்கும் அளந்தோம். அளந்து முடிந்து வருவதற்குள் சங்கத்தைப் பூட்டிவிட்டார்கள்.

மீதி எட்டுப் படங்களையும் நான் மறுநாள் காலை ஒன்பது பத்துக்குத்தான் பார்த்தேன்.